குடி என்ற சொல்லுக்கு ஒரு வரி போதுமா? அரும்பதவுரை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் இலக்கியப் பாடநூல்களுக்கும் பயிற்சி நூல்களுக்கும் அரும்பதவுரை எழுதும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

தம்பிலுவிலிலிருந்து இதை எழுதுகிறேன். அம்பாறை மாவட்டத்திலும் மட்டக்களப்பு மாவட்டத்திலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன். சென்ற வைகாசியில், கண்ணகை அம்மன் கோவிற் சடங்குக்குக் கதவு திறந்த வாரத்தில், உயர்தரம் படிக்கும் என் பேத்தி சிலப்பதிகாரப் பயிற்சி நூல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அதன் கடைசிப் பக்கங்களில் இருந்த அரும்பத அட்டவணையில் ‘குடி’ என்ற சொல்லுக்கு எதிரே ‘குலம்’ என்று மட்டும் அச்சிடப்பட்டிருந்தது. அந்த நூலின் பெயர் இங்கே வேண்டாம். அதே வரி அதே வடிவில் நான் கற்பித்த காலத்து நூல்களிலும் இருந்தது. நானும் அதையே பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். ஆகையால் இம்மடலிற் குறை கூறுவதாக ஏதேனும் தோன்றுமாயின் அதில் முதற்பங்கு என்னுடையது என்று கொள்ளுங்கள்.

அந்த ஒரு வரி என்னை ஏன் உறுத்துகிறது என்பதைச் சொல்லப் பழைய வகுப்பொன்றுக்குப் போக வேண்டும். வழக்குரை காதை நடந்துகொண்டிருந்தது. பாண்டியனின் முன் நின்று கண்ணகி தன் கணவனை அறிமுகம் செய்யும் ‘ஏசாச் சிறப்பின் இசைவிளங்கு பெருங்குடி மாசாத்து வாணிகன் மகனை யாகி’ என்ற அடிகளை வாசித்துவிட்டு, பெருங்குடி என்றால் உயர்ந்த குலம் என்று நான் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, “சேர், அப்ப கோவலன் என்ன குடி?” என்று கேட்டாள். வணிகர் குலம் என்றேன். “அது சாதிதானே சேர். நான் குடியக் கேட்டன்” என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மறுமொழி சொல்லத் தெரியாதபோது ஆசிரியர்கள் சிரிக்கும் சிரிப்பு அது.

வேறு மாவட்டங்களிலிருந்து இந்நூல்களைத் தொகுப்பவர்களுக்கு அவள் கேட்டது விளங்காமற் போகலாம் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் குடி என்பது தாய்வழியில் இறங்கி வரும் உறவுக் கூட்டம். பிள்ளை தந்தையின் குடியைச் சேராது. தாயின் குடியையே சேரும். ஒரே குடிக்குள் ஆணும் பெண்ணும் சகோதர முறையாவதால் அங்கே கலியாணம் பேச மாட்டார்கள். உலகிப்போடி குடி, படையாட்சி குடி, பணிக்கனார் குடி, கலிங்க குடி என்று பெயர்கள் நீளும். குடிக்குள்ளும் ‘வயிற்றுவார்’ என்ற கிளை உண்டு, அந்தச் சொல்லே யாருடைய வழி கணக்கில் எடுக்கப்படுகிறது என்பதைச் சொல்லிவிடும். கோவிலை நிருவகிக்கும் வண்ணக்கர் பொறுப்பு எந்தக் குடிக்கு, எந்த நாள் திருவிழா எந்தக் குடிக்கு என்பவை இன்றும் பல ஊர்களிற் பேசித் தீர்க்கப்படும் காரியங்கள். இந்த ஏற்பாடு இந்துக்களோடு நின்றதன்று. இக்கரையோரத்து முஸ்லிம் ஊர்களிலும் தாய்வழிக் குடிகள் இருக்கின்றன; பள்ளிவாசல் நிருவாகத்துக்குக் குடிக்கொரு மரைக்காயர் என்ற முறையும் அங்கே இருந்துவந்துள்ளது. என் வகுப்பில் அன்று சிரித்தவர்களிற் பாதிப்பேர் அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களும் தங்கள் தங்கள் குடியை அறிந்தவர்களே.

ஆகவே அந்த மாணவி குறும்பாகக் கேட்கவில்லை. அவளுடைய மொழியிற் குடி வேறு, சாதி வேறு. ஒரு சாதிக்குள்ளேயே பல குடிகள் உண்டு; கலியாணத்தின்போது சாதி ஒன்றாக இருக்க வேண்டும் என்பார்கள், குடி வேறாக இருக்க வேண்டும் என்பார்கள். குடிக்குப் பொருள் குலம் என்று எழுதும்போது, இவ்விரண்டையும் வீட்டிலேயே பிரித்தறிந்து வந்த பிள்ளையின் கையில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துக் கொடுக்கிறோம்.

அன்று இரவு வீட்டில் சிலப்பதிகாரத்தைப் புரட்டினேன். மாணவியின் கேள்விக்கு விடை உண்டா என்று பார்க்கவே புரட்டினேன். கோவலனின் தாய் யார்? நூல் அவளுக்குப் பெயர் சொல்லவில்லை. கண்ணகியின் தாய்க்கும் பெயரில்லை. மாசாத்துவான், மாநாய்கன் என்று தந்தையர் இருவரின் பெயர்களும் முதற் பாடலிலேயே கிடைக்கின்றன. தாய்மார் இருவரும் பெயரின்றியே மகனையும் மகளையும் இழந்து மடிகிறார்கள். எங்கள் ஊர்க் கணக்குப்படி கோவலனின் குடியையும் கண்ணகியின் குடியையும் கண்டுபிடிக்க வழியே இல்லை. இரட்டைக் காப்பியங்களில் மூன்று தலைமுறை தாய்வழியாகப் பெயரோடு நிற்பது ஒரே ஒரு வீட்டில்: சித்திராபதி, அவள் மகள் மாதவி, அவள் மகள் மணிமேகலை. மாதவியை அரங்கேற்று காதை ‘பிறப்பிற் குன்றாப் பெருந்தோள் மடந்தை’ என்று அறிமுகம் செய்யும்போது அந்தப் பிறப்பை விண்ணுலக நடனமகள் ஒருத்தியிடமிருந்தே கணக்கிடுகிறது. மணிமேகலைக்குப் பெயர் மட்டும் தந்தை வழியில் வந்தது, கோவலனின் முன்னோர் ஒருவரைக் கடலிற் காத்த தெய்வத்தின் பெயர் அது. மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது அதே மாணவி, “அப்ப மணிமேகலை மாதவிர குடிதான்” என்று முடித்துவைத்தாள். நான் அதுவரை அப்படி ஒரு கோணத்தில் அந்தக் கதையைப் பார்த்திருக்கவில்லை. பிற்பாடு அவள் சொன்னதை வைத்து ஒரு முழுப் பாடவேளை நடத்தினேன்.

வட்டார வழக்கைக் காப்பியத்துக்குள் திணிக்கிறேன் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அதைச் செய்யவேண்டாம் என்பதும் இம்மடலின் பகுதிதான். கண்ணகி சொன்ன பெருங்குடி தாய்வழிக் குடியன்று. தந்தையின் பெயரோடு அதை அவள் சொல்கிறாள். ஆனால் ‘குலம்’ என்ற ஒற்றைச் சொல் இந்த வேறுபாட்டைக் காட்டாமல் மறைக்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை, சிலப்பதிகாரத்துக்குள்ளேயே அந்தச் சொல் ஓரிடத்தில் நின்ற பொருளில் மறு இடத்தில் நிற்பதில்லை என்பது. அட்டவணையின் வரியை நம்பிய மாணவர் ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு விதமாகத் தடுக்கி விழுகிறார்.

மங்கல வாழ்த்துப் பாடலில் புகார் நகரம் ‘பதியெழு வறியாப் பழங்குடி கெழீஇய’ ஊர் என்று புகழப்படுகிறது. தம் ஊரைவிட்டு வேற்றூருக்குப் பெயர்ந்தறியாத, வழிவழியாக அங்கேயே வாழ்ந்த குடும்பங்கள் நிறைந்த நகரம் என்பது பொருள். இங்கே பழங்குடி என்பதற்குக் ‘பழைய குலம்’ என்று எழுதினால் அடியின் உயிர்நாடியான ‘பதியெழு அறியா’ என்ற அடை தனித்துத் தொங்கும். எழுதாமல் விட்டாலோ அதைவிட வேடிக்கை நடக்கும். இன்றைய நாளிதழ்த் தமிழிற் பழங்குடி என்றால் காடு சார்ந்து வாழும் ஆதிக்குடிகள். ஆகவே புகார் நகரத்தில் வேடர்கள் நிறைந்து வாழ்ந்தார்கள் என்று ஒருவர் விடை எழுதினார். வாகரைப் பக்கத்து வேடர்களைப் பற்றி எங்கோ வாசித்ததையும் சேர்த்து அரைப்பக்கம் எழுதியிருந்தார். அந்த உழைப்புக்குப் புள்ளி கொடுக்க முடியாமல் நான் வருந்தியது உண்டு.

இந்த அடியைப் பற்றி இன்னுஞ் சிறிது சொல்ல விரும்புகிறேன். ஊர் பெயர்ந்தறியாத குடிகள் நிறைந்த நகரம் என்று தொடங்கும் கதையில், அந்நகரத்தின் முதன்மையான இரண்டு வீடுகளைச் சேர்ந்த கணவனும் மனைவியும் ‘வான்கண் விழியா வைகறை யாமத்து’ யாருக்கும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போகிறார்கள். முதற் பாடலில் வைத்த சொல்லை இளங்கோ நாடுகாண் காதையில் இப்படித்தான் எடுத்துப் பயன்படுத்துகிறார் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பழங்குடியின் பிள்ளைகள் பதியெழுந்தார்கள் என்பதே கதை நகரும் இடம். எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் அதிகம் மெனக்கெட்டதில்லை. 1990இல் போரினால் இடம்பெயர்ந்து கோவில் மண்டபத்திலும் பாடசாலையிலும் படுத்தவர்களின் பிள்ளைகள் அவர்கள்; 2004 டிசெம்பர் 26இல் கடலோரத்து வளவை இழந்து உள்ளே தள்ளிக் குடியமர்ந்தவர்களும் வகுப்பில் இருந்தார்கள். ‘மீள்குடியேற்றம்’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே கேட்டறிந்தவர்கள். பதியெழு அறியாப் பழங்குடி என்ற தொடரின் விலை அவர்களுக்குத் தெரியும். தெரியாதிருந்தது அந்தக் குடியும் மீள்குடியேற்றத்தில் வரும் குடியும் ஒரே சொல் என்பதுதான். அட்டவணை அதைச் சொல்ல இரண்டு வரிகள் போதும்.

அடுத்தது குன்றக் குரவை. வேங்கை மர நிழலில் நின்று விண்ணேறிய கண்ணகியைக் கண்ட மலைவாழ் மக்கள் தம் ஊராரை அழைக்கிறார்கள்: ‘சிறுகுடி யீரே சிறுகுடி யீரே தெய்வங் கொள்ளுமின் சிறுகுடி யீரே’. சிறுகுடி என்பது குறிஞ்சி நிலத்துச் சிற்றூர். சிற்றூரில் உள்ளவர்களே, இவளைத் தெய்வமாகக் கொள்ளுங்கள் என்பது அழைப்பு. இந்த இடத்தில் அட்டவணைப் பொருளை வைத்துப் பாருங்கள். ‘சிறிய குலத்தவர்களே’ என்று வரும். ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய் ‘தாழ்ந்த குலத்தவரே’ என்று எழுதினார். பெருங்குடிக்கு எதிர்ச்சொல் சிறுகுடி என்ற குறிப்பையும் சேர்த்திருந்தார். கண்ணகியைத் தெய்வமென முதலில் அறிந்த மக்களை, கண்ணகைக்கு ஆண்டுதோறும் சடங்கு செய்யும் ஊரின் பிள்ளை, தன் குற்றமின்றி இழிவுபடுத்தி எழுதியது. நான் சிவப்பு மையாற் கோடிட்டேன். கோடிட்டுவிட்டு அட்டவணையைத் திறந்து பார்த்தபோது, அவர் நான் கொடுத்த பொருளையே நேர்மையாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்பது தெரிந்தது.

குடி ஊரையும் குறிக்கும் என்பதை இங்கே விளக்குவது மிக எளிது என்பதுதான் இதில் இன்னும் வருத்தம் தருவது. காத்தான்குடியும் களுவாஞ்சிகுடியும் எங்கள் பேருந்துப் பலகைகளில் இருக்கின்றன. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிறவர் வழியில் இரண்டையும் கடந்தாக வேண்டும். காரைக்குடி, மன்னார்குடி, தூத்துக்குடி என்ற தமிழகப் பெயர்களை எழுதும் நூல்கள் உண்டு. இவ்விரண்டையும் எழுதிய நூலை நான் கண்டதில்லை.

எல்லாவற்றிலும் அருமையான இடம் வஞ்சிக் காண்டத்தில் இருக்கிறது. பாண்டியன் தன் பிழையை உணர்ந்து உயிர் நீத்ததைச் சாத்தனார் சொல்லக் கேட்ட செங்குட்டுவன், அரசனாகப் பிறப்பதைப் பற்றிச் சொல்வதாகக் காட்சிக் காதையில் வருகிறது:

மழைவளங் கரப்பின் வான்பே ரச்சம்
பிழையுயி ரெய்திற் பெரும்பே ரச்சம்
குடிபுர வுண்டுங் கொடுங்கோ லஞ்சி
மன்பதை காக்கும் நன்குடிப் பிறத்தல்
துன்ப மல்லது தொழுதக வில்

மழை பொய்த்தால் அச்சம். உயிர்கள் பிழைபட நேர்ந்தால் அச்சம். குடிகளைப் புரக்கும் பொறுப்பை ஏற்றும், கோல் கோணிவிடுமோ என்று அஞ்சிக்கொண்டு மக்களைக் காக்கும் நல்ல குடியிலே பிறப்பது துன்பமேயன்றித் தொழத்தக்கதன்று. மூன்றாம் அடியில் வரும் குடி ஆளப்படும் மக்கள். நான்காம் அடியில் வரும் குடி ஆளுகின்ற வழிமரபு. ஓர் அடி இடைவெளியில் ஒரே சொல் ஆளப்படுவோரிடமிருந்து ஆள்வோரிடம் போய்விடுகிறது. இரண்டு குடிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும்படி வாக்கியத்தைக் கட்டியவர் அதை அறியாமற் செய்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. நல்ல குடியிற் பிறந்ததன் பெருமை முழுவதும் அந்த மற்றைக் குடியைக் காத்ததா இல்லையா என்பதில் தங்கியிருக்கிறது. தவறினால் என்ன ஆகும் என்பதைப் பாண்டியன் அப்பொழுதுதான் செத்துக் காட்டியிருக்கிறான். குடி, குலம் என்று ஒரு தடவை எழுதிவிட்டு நகர்ந்த அட்டவணை, சிலப்பதிகாரத்தின் அரசியலைச் சொல்லும் ஐந்து அடிகளை மாணவருக்கு மூடிவைக்கிறது. ‘குலத்தைப் புரந்தும்’ என்று பொருள் எழுதியவர், செங்குட்டுவன் தன் உறவினரைக் காப்பாற்றியதைப் பற்றிப் பேசுகிறான் என்று விளக்கம் எழுதினார். இக்கால அரசியலுக்கு அது பொருந்தும் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார், காப்பியத்துக்குப் பொருந்தாது.

மணிமேகலையில் ‘குடிப்பிறப் பழிக்கும் விழுப்பங் கொல்லும்’ என்று பசிப்பிணியைப் பற்றி வருவதில் குலம் என்ற பொருள் ஓரளவு ஒத்துவரும். அங்கேயும் பசி அழிப்பது நல்ல குடும்பத்திற் பிறந்தவரின் ஒழுக்கப் பெருமையை என்று விரித்தாற்றான் அடுத்து வரும் கல்வியும் நாணும் ஏன் அந்த வரிசையில் நிற்கின்றன என்பது விளங்கும். திருக்குறளில் ‘படைகுடி கூழமைச்சு நட்பரண்’ என்ற இடத்திற் குடி நாட்டு மக்கள். 96ஆம் அதிகாரமான குடிமையிலும் 103ஆம் அதிகாரமான குடிசெயல்வகையிலும் அது குடும்பம். இவற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடித்தல் என்ற வினையைப் பற்றியும் ஒரு வார்த்தை: பெருங்குடி வாணிகன் என்பதை அளவுக்கு மீறிக் குடித்த வணிகன் என்று எழுதுபவர் ஆண்டுக்கு ஒருவராவது வருவார். பழைய செய்யுளில் கள் பெரும்பாலும் உண்ணப்படுவது, குறளின் அதிகாரமும் கள்ளுண்ணாமையே, என்று சொன்னால் வகுப்பு ஒரு சிரிப்போடு சரியாகிவிடும். இந்தப் பிழை தீங்கற்றது.

தீங்குள்ள இன்னொன்று உண்டு. சிலப்பதிகாரத்தைக் குடிமக்கள் காப்பியம் என்று அழைப்பது முன்னுரைகளில் வழக்கமாகிவிட்டது. அரசரைப் பாடாமல் நாட்டு மக்களில் ஒருத்தியைப் பாடியது என்ற கருத்தில் அது நல்ல பெயர். ஆனால் ஈழத்துத் தமிழிற் குடிமகன், குடிமக்கள், குடிமை என்ற சொற்கள் நீண்டகாலம் வேறொன்றையும் குறித்தன. சவரம், சலவை, பறை முதலிய பணிகளைப் பரம்பரைக் கடமையாகப் பிறர் வீட்டுக்கும் கோவிலுக்கும் செய்யும்படி கட்டப்பட்டிருந்தோரை அப்படி அழைத்தார்கள். நாட்டின் பிரசை என்ற பொருளைப் பாடநூலிற் படிக்கும் பிள்ளை, அதே சொல்லைத் தன் பாட்டனாரை நோக்கி யாரோ முற்றத்தில் நின்று கூப்பிட்டதாக வீட்டிற் கேட்டிருக்கக்கூடும். இலங்கையில் நெடுங்காலம் பிரசை, பிரசாவுரிமை என்ற சொற்களே வழங்கியதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று நான் யோசித்ததுண்டு. உறுதியாகச் சொல்ல மாட்டேன். உறுதியாகச் சொல்லக்கூடியது, குடிமக்கள் காப்பியம் என்று முன்னுரையில் எழுதும் நூல் அந்தச் சொல்லின் பழைய பாரத்தையும் ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொண்டால் வகுப்பில் யாரும் தலையைக் குனிய வேண்டியிராது என்பது.

அரசாங்கத் தமிழ் இச்சொல்லை விட்டபாடில்லை என்பதையும் கவனியுங்கள். 1972 முதல் நாடு குடியரசு. கடவுச்சீட்டுக்குப் போனாற் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். காணி வழக்குப் போட்டால் அது குடியியல் வழக்கு. ஆட்களை எண்ணினாற் குடித்தொகை. பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியபோது வந்தது குடியேற்றம். குடியேற்றம் என்ற சொல்லை எங்கள் ஊரார் வாயில் அதிகம் கேட்க மாட்டீர்கள், கொலனி என்பார்கள். வாழுமிடம், மக்கள், ஆட்சி என்று இத்தனை திசைகளிற் போகும் சொல்லுக்கு வேர் ஒன்றே என்பதை இலக்கிய வகுப்பில் அன்றி வேறெங்கே பிள்ளைகள் அறிவார்கள்?

உங்கள் பக்கத்து நியாயங்களை நான் அறியாதவனல்லன். அரும்பத அட்டவணைக்குக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று பக்கங்கள். பரீட்சைக்குப் புள்ளியிடுபவர்களுக்கு ஒரு சொல்லுக்கு ஒரு விடை இருந்தால் வேலை எளிது. ஒவ்வொரு மாவட்டத்து வழக்கையும் சேர்க்கத் தொடங்கினால் நூல் அகராதியாகிவிடும் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். எல்லாச் சொற்களுக்கும் இதைக் கேட்கவில்லை. சிலம்பு என்ற சொல்லுக்கோ வேங்கை என்ற சொல்லுக்கோ ஒரு வரி போதும். பாடப்பகுதிக்குள்ளேயே பொருள் மாறி மாறி வரும் சொற்கள் ஒரு கைவிரலில் எண்ணக்கூடியவை. குடி அவற்றுள் முதலாவது. அச்சொல்லை அகரவரிசை அட்டவணையில் ஒருமுறை வைப்பதை விட்டு, அது வரும் அடியின் கீழேயே அந்த இடத்துப் பொருளை இடுங்கள். பழங்குடியின் கீழ் ஊரைவிட்டுப் பெயராத தொல்குடும்பங்கள் என்றும், சிறுகுடியின் கீழ் குறிஞ்சிச் சிற்றூர் என்றும், குடிபுரவின் கீழ் ஆளப்படும் மக்கள் என்றும் வரட்டும். பரீட்சையில் அடியைக் கொடுத்துப் பொருள் கேளுங்கள். சொல்லைத் தனியே பிடுங்கிக் கேட்க வேண்டாம். ஆசிரியர் வழிகாட்டியில், கிழக்கிலங்கையிற் குடி என்பது தாய்வழிக் கூட்டத்தைக் குறிக்கும் உயிருள்ள சொல், அது சாதியன்று, என்ற குறிப்பு ஒன்று இருக்கட்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ இடமாற்றத்தில் இங்கே வரும் இளம் ஆசிரியர், “கோவலன் என்ன குடி?” என்ற கேள்வியை அடங்காத பிள்ளையின் கேள்வி என்று நினைத்து அதட்டாமல் இருக்க அது உதவும்.

உங்கள் தொழிலுக்கு முன்னோடி ஒருவர் சிலப்பதிகாரத்துக்கே இருக்கிறார். அரும்பதவுரையாசிரியர் என்றே அவரை அழைக்கிறோம். பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அடியார்க்குநல்லாரின் விரிந்த உரை மதுரைக் காண்டத்து ஊர்சூழ்வரியோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால், வழக்குரை காதைக்கும் குன்றக் குரவைக்கும் காட்சிக் காதைக்கும், பழைய துணையாக நம் கையில் இருப்பது அந்தப் பெயரறியாதவரின் குறிப்புக்களே. அவரும் சுருக்கமாகத்தான் எழுதினார், ஆனால் இடம் பார்த்து எழுதினார். உ. வே. சாமிநாதையர் அவ்வுரைகளோடு சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த 1892ஆம் ஆண்டிலேயே எங்கள் காரைதீவில் விபுலாநந்த அடிகள் பிறந்தார் என்பது தற்செயல். பிற்காலத்தில் அரங்கேற்று காதையின் சில அடிகளுக்குப் பொருள் தேடியே அடிகள் யாழ் நூல் என்ற பெருநூலை எழுதி 1947இல் வெளியிட்டார் என்பது தற்செயலன்று. யாழைப் பற்றிய சில அடிகளுக்கு ஒரு பெருநூல் எழுதிய ஊரின் அயலிலிருந்து, ஒரு சொல்லுக்கு அடிக்குறிப்பாக நான்கைந்து வரிகள் கேட்கிறேன்.

வைகாசிச் சடங்கில் இங்கே பாடப்படும் கண்ணகி வழக்குரையையும் நீங்கள் ஒருதரம் பார்க்க வேண்டும். வித்துவான் வி. சீ. கந்தையா அதை 1968இல் அச்சிற் கொண்டுவந்தார். இளங்கோ சொன்ன கதை இங்கே கடலோட்டும் மீகாமனும் அவனோடு போரிடும் வெடியரசனுமாக வேறொரு கதையாக வளர்ந்திருக்கிறது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சிலப்பதிகாரம் புதிய கதையன்று, தெரிந்த கதையின் மற்றொரு பாடம். அப்படிப்பட்ட மாணவர்களுக்குச் சொற்பொருள் எழுதுகிறோம் என்ற நினைவு உங்களுக்கு இருந்தால் அட்டவணையின் தொனியே மாறும் என்று எண்ணுகிறேன்.

சிலப்பதிகாரத்திற் குடி என்ற சொல் வரும் இடங்களைக் காதை வாரியாகக் குறித்து, ஒவ்வோர் இடத்துக்கும் பொருளும் எடுத்துக்காட்டும் எழுதி, பதினொரு தாள்களில் வைத்திருக்கிறேன். மாணவர் விடைகளிற் கண்ட பிழைகளையும் பெயர் நீக்கிச் சேர்த்திருக்கிறேன். அடுத்த பதிப்புக்கு முன் உங்கள் குழுவில் எவரேனும் கேட்டால் பிரதி எடுத்து அனுப்புவேன்; தவறான இடங்களைத் திருத்தித் தந்தால் நன்றியுடையவனாவேன். பேத்தியின் நூலில் ‘குலம்’ என்ற சொல்லின் மேல் நான் பென்சிலாற் கோடு போட்டு, பக்கத்தில் ‘அடியைப் பார்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பரீட்சையில் எதை எழுதுவது என்று அவள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
தம்பிலுவில்.